கேஷுவாலிட்டியில டூட்டி பாக்குற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஒரு மடல்

வணக்கம்.

எனக்கு வயசு 31, ஆட்டிசம் இருக்கு. போன வருஷம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்தாங்க, டூட்டி டாக்டர் வலி பத்துக்கு எவ்ளோன்னு கேட்டார், நான் ரொம்ப நேரம் யோசிச்சு "தெரியல சார், மூணு இருக்கலாம்"னு சொன்னேன், மூஞ்சியிலயும் ஒண்ணும் தெரியல போல, கேஸ் ட்ரபுள்னு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் சாயங்காலம் அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருச்சு.

நான் பொய் சொல்லல. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. பசி எனக்கு வயித்துல தெரியாது, கோவமாத்தான் வரும், அதனால நான் சிடுசிடுன்னு விழுந்தா அம்மா மொதல்ல "சாப்டியாடி"ன்னுதான் கேப்பாங்க. தோசைக்கல்லுல விரல் சுட்டது கொப்புளத்த பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா ராத்திரி தலகாணியில காத வெச்சா நெஞ்சு அடிக்கிற சத்தம் தூங்கவே விடாது. மரத்துப்போன ஒடம்புன்னு நெனச்சிடாதீங்க, சிலது எட்டவே எட்டாது, சிலது காதுக்குள்ள கத்தும்.

ஒடம்புக்குள்ள நடக்குறத உணர்றதுக்கு இன்டரோசெப்ஷன்னு பேரு, உங்களுக்கு தெரியாததில்ல. அது ஆட்டிசம் இருக்குறவங்க நெறைய பேருக்கு வேற மாதிரி இருக்கு, ஒரே மாதிரியும் இல்ல. தனக்குள்ள இருக்குற உணர்ச்சி என்னன்னு பிரிச்சு சொல்ல முடியாம போறத அலெக்ஸிதைமியான்னு சொல்றாங்க, 2019ல பல ஆய்வுகள சேத்து பாத்ததுல ஆட்டிசம் உள்ளவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருந்துச்சு, மத்தவங்கள்ல 100க்கு 5 பேருக்குத்தான். அந்த பாதிப்பேர்கிட்ட நம்பர் கேட்டா என்ன வரும்?

நம்பருக்கு பதிலா வேற கேளுங்க. நேத்து தூங்குனியா, கடைசியா எப்ப சாப்ட, எப்ப யூரின் போன, ஒரு தடவ குதிச்சு காட்டுன்னு கேளுங்க. அமுக்கி பாருங்க, டெம்பரேச்சர், பல்ஸ், ரத்தம் பாருங்க, சந்தேகம்னா ஸ்கேன் எடுங்க. பதில் சொல்ல ஒரு நிமிஷம் குடுங்க, நாங்க தேடிட்டு இருப்போம். கூட வந்தவங்க சொல்றத கேஸ் ஷீட்ல எழுதுங்க ப்ளீஸ்.

அன்னிக்கு அம்மா ரெண்டு தடவ சொன்னாங்க, "காலையிலருந்து வலது பக்கம் குனிஞ்சே நடக்குறா சார், இவ அப்படி நடக்க மாட்டா"ன்னு. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் அந்த முதல் நாள் சீட்ட எடுத்து பாத்தேன். வலி 3/10ன்னு மட்டும் இருந்துச்சு.