குப்பியைத் திறந்து பார்க்காதீர்கள்: களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கும் கொள்வனவுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

கடந்த வாரம் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தின் குப்பி, மூடி திறந்தபடி எங்கள் கைக்குக் கிடைத்தது. களஞ்சியத்தில் பொருள் ஏற்புத் தாளில் "குப்பி வெறுமை" என்று எழுதி ஒப்பமும் இட்டிருந்தார்கள். அது வெறுங்குப்பி அல்ல. அதற்குள் 10 மைக்ரோகிராம் மனித கீமோகைன், அதாவது வெண்குருதிக் கலங்களை ஈர்க்கும் புரதம், இருந்தது. ஒரு சீனி மணியின் எடையோடு பார்த்தாலும் அது மிகச் சொற்பம். கண்ணுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

உறையவைத்து உலர்த்திய இந்தப் புரதம் குப்பியின் அடியிலோ சுவரிலோ மூடியின் உட்புறத்திலோ மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் திறக்கமுன் மையநீக்கியில் ஒருதரம் சுற்றி அடியில் இறக்குகிறோம். சுற்றாமல் மூடியைத் திருகினால் பாதி மூடியோடு போய்விடும்; மிஞ்சியது எங்கள் ஊர் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த புரதம் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. அந்தப் பொறுதி மூடிய குப்பிக்கு மட்டுந்தான். ஆகவே முதற் கோரிக்கை: குப்பியைத் திறக்காதீர்கள்.

எவ்வளவு இழந்தோம் என்பதை அளந்து சொல்லவும் வழியில்லை. 10 மைக்ரோகிராமை 100 மைக்ரோலீற்றரில் கரைத்தால் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் என்று கணக்கு. 0.1 சதவீத அல்புமின் என்ற துணைப் புரதம் சேர்த்த தாங்கற்கரைசலில், வோர்ட்டெக்ஸ் என்ற குலுக்கியில் வைக்காமல் மெதுவாகக் கரைத்து, புரதம் ஒட்டாத குழாய்களில் பத்துப் பங்காக்கி, மறை 80 பாகை செல்சியசில் வைக்கிறோம். ஒரு பங்கை ஒரேயொரு தரந்தான் உருக்குவோம். திறந்த குப்பியில் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடுகிறது. நடுவமைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்கள் இந்தப் புரதத்தை நோக்கி நகர்வதைத்தான் பரிசோதிக்கிறோம். அந்த நகர்வு புரதத்தின் செறிவோடு ஏறி, உச்சம் தொட்டு, மேலும் கூட்டினால் இறங்கும். செறிவு தெரியாதபோது கலம் ஏன் நகரவில்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

இதில் மிகவும் மனம் நோகிற விடயம் குருதி. அந்தக் கலங்களை அன்றன்று எடுத்த குருதியிலிருந்து பிரித்து, சில மணித்தியாலத்துக்குள் பரிசோதிக்கவேண்டும். மறுநாளுக்கு வைக்க முடியாது. காலையில் ஒருவர் கை நீட்டிக் குருதி தருகிறார். பின்னேரம் புரதம் வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது அவருடைய கலங்களைக் கழிவில் ஊற்றுகிறோம். அவருக்கு என்ன பதில் சொல்வது? ஏற்புத் தாளில் ஒப்பமிட்டவர்கள்தான் சொல்லவேண்டும்.

பெட்டி வந்தால் அன்றே அழையுங்கள். வெள்ளி பின்னேரம் வரும் பெட்டி, திங்கள் போயா விடுமுறை என்றால் செவ்வாய்வரை மேசையிலேயே கிடக்கிறது. புரதத்தோடு அதே பெட்டியில் வரும் பிறபொருளெதிரிகள் (antibodies) அதனால் கெட்டுப்போகக்கூடும்.

கொள்வனவுக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. "சமமான பொருள்" என்று குறைந்த விலைக்கு மாற்றும்போது எங்களிடம் கேளுங்கள். இதே புரதத்தின் 72 அமினோ அமில வடிவம் கேட்டால், நீளமான 77 அமினோ அமில வடிவம் வருகிறது. அது நுனி வெட்டுப்படும்வரை வீரியம் குறைந்தது. அல்புமின் கலக்காதது கேட்டால் கலந்தது வருகிறது. அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றினால் சாயத்தின் பெரும்பங்கு அல்புமினிலேயே ஏறும். ஈ. கோலை பற்றீரியாவில் தயாரான புரதம் என்பதால், அந்தப் பற்றீரியாவின் சுவரிலுள்ள நஞ்சான அகநச்சின் அளவு எழுதிய தரச் சான்றிதழும் தொகுதி இலக்கத்தோடு வேண்டும். அகநச்சே அந்தக் கலங்களைத் தூண்டிவிடும். பிறகு எது கீமோகைன் செய்தது, எது நஞ்சு செய்தது என்று பிரிக்க முடியாது. மூன்று தரம் எழுதிக் கேட்டும் ஒரு சான்றிதழ் கிடைக்காத நிலையில், விலை எவ்வளவு மிச்சமானது என்று எங்களுக்குச் சொல்லவேண்டாம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருளவும். சரிபார்க்கும் கடமை உங்களுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. குப்பியின் வெளிச் சிட்டை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, மூடியின் முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே பார்க்கவேண்டுமென்றால் தொலைபேசியில் ஒரு அழைப்புத் தாருங்கள். மையநீக்கியோடு நாங்களே வருகிறோம். அதுவரை, தயவுசெய்து, குப்பியைத் திறக்காதீர்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாண ஆய்வுகூடப் பணியாளர்கள்