ஊரில் இல்லாத தலைவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தல் என்றாலே வார்டு வரையறை, இடஒதுக்கீடு, சுழற்சி முறை என்று பேசுகிறோம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தபோதும் இதே பேச்சுதான். நிற்கிறவர் அந்த ஊரில் குடியிருக்கிறாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊராட்சியில் போன முறை ஜெயித்தவர் இங்கே பிறந்தவர்தான். தொழில், குடும்பம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், திருவிழாவில் அன்னதானம் போட்டார்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. ஜெயித்த பிறகு வீடு மறுபடி பூட்டு.

பிறகு ஒரு சித்திரையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துபோனது. காயில் கட்டி இறக்க ஒருநாள் வேலை. ஆனால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே வரும். செயலர் செக் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினார். நாலாம் நாள்தான் தொட்டியில் தண்ணீர் ஏறியது. அதுவரை பெண்கள் வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. போன் போட்டால் எடுப்பார், “சொல்லிவிடுகிறேன்” என்பார். சொல்லவும் செய்வார். அவர் வீட்டுக் குடம் அந்த வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 21 வயது நிரம்பி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் தலைவர் பதவிக்கு நிற்கலாம். எத்தனை மாதமாகப் பெயர் இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. உள்ளாட்சிப் பட்டியல், சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. அதற்கு அடிப்படையான 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ‘சாதாரணமாகக் குடியிருப்பவர்’ பெயரைத்தான் சேர்க்கச் சொல்கிறது. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான். குஜராத் மாநிலங்களவைத் தேர்தல் வழக்கு ஒன்றில் 1973இலேயே உச்ச நீதிமன்றம், பட்டியலில் இருப்பவர் உண்மையில் குடியிருக்கிறாரா என்று தேர்தல் வழக்கில் கிளற முடியாது என்று சொல்லிவிட்டது.

ஆட்சேபம் இருந்தால் பட்டியல் தயாராகும்போதே படிவம் 7 கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம். நகரத்தில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். கிராமத்தில், பங்காளி பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பொங்கலுக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். குடவோலையில் பெயர் எழுதப்படுகிறவன் தன் மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் கேட்டு ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திய கல்வெட்டும் அதுதான். அந்தப் பகுதி நமக்கு வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். வேட்புமனுத் தாக்கல் செய்யும் நாளுக்கு முன் குறைந்தது 12 மாதமாவது அந்த ஊராட்சிப் பட்டியலில் தொடர்ந்து பெயர் இருந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். தேதி பார்க்கிற வேலைதான் என்பதால் தேர்தல் அலுவலரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு விலக்குத் தர வேண்டும். பாதி இடம் பெண்களுக்கு என்று வைத்துவிட்டு, போன தையில் வாழ வந்தவளை நிற்காதே என்பது நியாயமில்லை. மருமகளை நிறுத்தி மாமனார் நாற்காலியில் உட்காருவாரே என்றால், அந்த நோய்க்கு மருந்து வேறு.

திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்களின் ஓட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் உரிமை போகாது என்று அதே 20ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டுப் போட வருவது வேறு, ஐந்து வருடம் ஊரை நடத்துவது வேறு.

இந்த ஒரு வரியும் ஜெயிக்கும்வரைதான் பயன்படும். பதவிக்கு வந்த பிறகு ஊரில் இருக்கிறாரா என்பதற்கு, வருடத்தில் ஆறு நாள் நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் தலைவர் எத்தனைக்கு வந்தார் என்ற கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட்டாலே போதும். வரவு செலவை எழுதுகிற இடத்தில் இதற்கும் ஒரு வரிக்கு இடம் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பூட்டிய வீட்டுச் சுவரில் ஏணி சாத்தியிருக்கிறது. கீழே சுண்ணாம்பு வாளி.

இப்படிக்கு,
கிராம சபை உறுப்பினர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.