அரை மார்க் கூடினால் யார் கோட்டைத் தாண்டுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியது பொய்யில்லை. ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்த என் மைத்துனர் அன்று இரவே மாத்திரையை விட்டுவிட்டார். பைபாஸ் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்.

எனக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை, 40 மி.கி. ஒன்றரை வருடம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.6. "சுகர் வந்துடுச்சு" என்றார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் தாளை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ரத்தச் சர்க்கரை கூடலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை 2012-லேயே சேர்க்கச் சொல்லிவிட்டதாம். சீட்டு எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபம் ஆறியதும் பழைய ஃபைலைப் புரட்டினேன். ஸ்டென்ட் வைப்பதற்கு முதல் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் 6.4. அதாவது சர்க்கரை நோய் என்று சொல்லும் 6.5 என்ற கோட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். விடைத்தாள் திருத்தும்போது எல்லோருக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டால் என்ன ஆகும்? வகுப்பில் பெரும்பாலோருக்கு ஒன்றும் மாறாது. கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன் மட்டும் தாண்டுவான். ஸ்டாட்டின் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்து 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி ஹெச்பிஏ1சி சராசரியாகக் கூடியது 0.1-கூட இல்லை. கூடுதலாக வந்த சர்க்கரை நோயாளிகளில் சுமார் 62 சதவீதம் பேர், தொடக்கத்திலேயே சர்க்கரை மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேரில் அடங்கியவர்கள். என்னைக் கேட்டால், மாத்திரை இல்லாவிட்டாலும் நான் தாண்டியிருக்கக்கூடும், கொஞ்சம் தாமதமாக.

டோஸும் முக்கியம். குறைந்த, நடுத்தர அளவில் ஆபத்து 10 சதவீதம் கூடுகிறது. அதிக அளவில் 36 சதவீதம். 10 சதவீதம் என்றால் ஏதோ பத்தில் ஒருவருக்கு வருகிறது என்று என் மைத்துனர் நினைத்துக்கொண்டார் (கட்டுரையும் விளக்கவில்லை). உண்மையில் வருடத்துக்கு நூற்றுக்கு 1.2 பேராக இருந்தது 1.3 ஆகிறது, அவ்வளவுதான். 13 ஆய்வுகளில் 91,140 பேரை வைத்து 2010-ல் போட்ட கணக்கு இன்னும் தெளிவு: 255 பேர் நான்கு வருடம் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வரும். அதே 255 பேரில், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 40 புள்ளி அளவுக்குக் குறைந்தால், ஐந்து பேர் மாரடைப்பிலிருந்தோ இதய நோய் மரணத்திலிருந்தோ தப்புவார்கள். தங்கள் கட்டுரையில் அந்த ஒருவர் இருந்தார். ஐந்து பேரைக் காணோம்.

மருத்துவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மாத்திரை எழுதும் அன்றே ஹெச்பிஏ1சி பார்த்து, "நீங்க பார்டர்ல இருக்கீங்க, இது கொஞ்சம் கூட்டும், எடையைக் குறைங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? எனக்குச் சொல்லியிருந்தால் நடையை அன்றே தொடங்கியிருப்பேன். பிறகுதான் தொடங்கினேன், ஐந்து கிலோ குறைந்தது, இப்போது 6.2. அடோர்வாஸ்டாட்டினை ஒரு நாளும் விடவில்லை.

மைத்துனர் வீட்டுக்கு மூன்றாம் நாள் போனேன். மாத்திரை டப்பாவில் இரண்டு நாள் அறைகள் திறக்காமலே இருந்தன. "உங்க சுகர் எவ்வளவு மாப்ளே?" என்று கேட்டேன். தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன் பார்த்ததாம், ஃபைல் எங்கோ இருக்கிறதாம். அதைத் தேடி எடுங்கள், டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, அன்றைய மாத்திரையை என் கண் முன்னாலேயே போட வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்