சென்ட்ரல் அவென்யூ மோட்டார் கோர்ட்டுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகெர்க்கி நகரில், சென்ட்ரல் அவென்யூவின் பழைய மோட்டார் கோர்ட்டுகளுக்கே, அதாவது காரில் வருவோர் தங்கும் சாலையோர விடுதிகளுக்கே போனது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மாலை நடைகளை எல் வாடோ என்ற மோட்டார் கோர்ட்டில் தொடங்கினோம். 1926இல் உருவான ரூட் 66 நெடுஞ்சாலை முதலில் நான்காம் தெரு வழியாகப் போனது. 1937இல் பாதையை நேராக்கியதும் போக்குவரத்து நம் தெருவுக்குத் திரும்பியது. அதே ஆண்டில் டேனியல் மர்ஃபி எல் வாடோவைக் கட்டினார். புவெப்லோ பழங்குடியினரின் மண்வீடுகளின் சாயலில் உருண்ட விளிம்புகள், சுவரை விட்டு வெளியே நீளும் உத்திரங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கார் கொட்டகை. காரை விட்டு இறங்கினால் நாலு எட்டில் அறைக்கதவு. அந்த இடுக்கில் நின்று பார்த்த பிறகு, மோட்டார் கோர்ட் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

1960களில் இன்டர்ஸ்டேட் 40 என்ற விரைவுச்சாலை வந்து பயணிகளை அள்ளிக்கொண்டு போனது. எல் வாடோவையே இடிக்கும் நிலை வந்தது. நகராட்சி கையகப்படுத்தியதால் தப்பி, 2018இல் மறுபடி திறந்தது. 1932இல் கட்டிய ஆஸ்டெக் என்ற மோட்டார் கோர்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, 2011இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

விடுதிகளின் நியான் விளக்குப் பெயர்ப்பலகையைக் காப்பாற்றினால் போதும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முற்றமும் கொட்டகையும் போனபின் பலகை எதற்கு வழிகாட்டும்?

சூனி பழங்குடி மக்களோடு வணிகம் செய்த சி. ஜி. வாலஸ் 1939இல் கட்டியது டி அன்சா என்ற மோட்டார் கோர்ட். அதன் நிலவறைச் சுவரில் சூனி ஓவியர் டோனி எடாக்கி ஷலாகோ ஊர்வலத்தைத் தீட்டியிருக்கிறார். அது சூனி மக்களின் புனிதச் சடங்கு. அவர்களைக் கேட்காமல் அந்த ஓவியங்களை நம் கையேட்டில் அச்சிடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

பூட்டிக் கிடக்கும் ஒரு கோர்ட்டின் உள்ளே படமெடுக்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. மூன்றாவதும் போடுவோம்.

பழைய அறைச்சாவி, தபால் அட்டை, ரசீது எது வீட்டில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்