சங்குப்பிட்டிக் கரையில் ஓர் இரவு தங்க வரும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும் பிள்ளைகளின் படங்களும் கிடைத்தன. வன்கூவரிலிருந்து எல்லை கடந்து, வாஷிங்டன் மாநிலத்து விட்பித் தீவில் உள்ள கேசிக் கோட்டைப் பூங்காவில், போட் டவுன்செண்டுக்குக் கப்பல் புறப்படும் துறையின் அருகிலேயே கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கியதாகவும், கப்பல் வாகனங்களை இறக்கி ஏற்றுவதைப் பிள்ளைகள் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தாய். ஊருக்கு வரும்போது அப்படி ஓர் இரவை எங்கள் பக்கத்துக் கரையிலும் அவர்களுக்குக் காட்ட விரும்புவதாகவும், இடத்தை மாமியே சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பதில் எழுதப் பல நாள் ஆகிவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். இடம் பூநகரிக்கு அருகிலுள்ள சங்குப்பிட்டி.

அதுவும் ஒரு துறைதான். இன்று பாலத்தால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் யாழ்ப்பாண நீரேரியை நாங்கள் 'பாதை'யில் கடந்தோம். பாதை என்றால் தெரு என்றுதான் உன் பிள்ளைகளுக்கு விளங்கும். எங்களுக்கு அது வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு இக்கரைச் சங்குப்பிட்டிக்கும் அக்கரைக் கேரதீவுக்கும் இடையே ஓடிய தட்டையான மிதவை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, என் ஐயா, அதாவது உன் அப்பப்பா, நெல் மூட்டைகளுடன் யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டு என்னையும் கூட்டிச் சென்றார். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று கடுமையாக அடித்ததால் அன்று மாலை பாதை ஓடவில்லை. கரையிலேயே இரவைக் கழித்தோம். அம்மா கட்டித் தந்த சோற்றையும் சம்பலையும் வாழையிலையில் பிரித்து உண்டுவிட்டு, மூட்டைகளைக் காற்றுக்கு மறைப்பாக அடுக்கி, அவற்றின் அடியில் நான் சுருண்டு படுத்தேன். பெரியவர்கள் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் மினுங்கிய சில விளக்குகளை எண்ணிக்கொண்டே நான் உறங்கிய அந்த இரவைப் போல் இன்னொன்று என் சிறுவயதில் இல்லை.

பிறகு போர் அந்தத் துறையை மூடியது. தொண்ணூறுகளில் இரவோடு இரவாகக் கிளாலியில் வள்ளம் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதே நீரேரியைக் கடந்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அதை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டதும் மன்னார், பூநகரிப் பக்கத்து மக்கள் பரந்தனையும் ஆனையிறவையும் சுற்றாமல் யாழ்ப்பாணம் போக முடிந்தது.

நீ வரவேண்டிய காலம் மாசி அல்லது பங்குனி. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசிக்குப் பின் சோழகம் எழுந்துவிட்டால், அந்த வெட்டவெளியில் எவ்வளவு ஆழமாக முளை அறைந்தாலும் கூடாரம் நிற்காது, சோற்றிலும் மணல்தான் விழும்.

கூடாரம் அடிக்கும் இடத்தை நீயாகத் தெரிவு செய்யாதே. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கேசிக் கோட்டையில் உனக்கு இலக்கமிட்ட இடமும், மேசையும், நெருப்பு மூட்ட இரும்பு வளையமும் இருந்தன; இரவு 10 மணிக்குப் பின் சத்தம் கூடாது என்ற விதியும் இருந்தது. இங்கே எழுதிவைத்த விதிகளை எதிர்பார்க்காதே. ஆனால் வெறுமையாகத் தெரியும் மணல் எவருடையதும் அல்ல என்று எண்ணிவிடக் கூடாது. அது வள்ளம் இழுக்கும் இடம், வலை காயப்போடும் இடம், நண்டு கழற்றும் இடம். சிறகுவலைக்காரர் இருட்டோடு வந்துவிடுவார்கள். அவர்கள் நடக்கும் வழியில் கூடாரக் கயிறு கிடந்தால் விழுவது அவர்கள்தான். முதலில் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்போம். அவர்கள் காட்டும் இடத்தில் தங்குவோம்.

இன்னொன்று. பூநகரி நெடுங்காலம் போர்முனையாக இருந்த மண். கண்ணிவெடி அகற்றும் பணி வன்னியில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது; ஆனாலும் ஊரார் நடக்கும் தடத்தை விட்டுப் பிள்ளைகள் விலகக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, துருப்பிடித்த எதையும் கையால் தொடக் கூடாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதை விமானம் ஏறுமுன்பே சொல்லிக்கொடு. நெருப்புக்குக் கண்டல் மரங்களில் கைவைக்க வேண்டாம். காய்ந்த பனங்கொட்டை ஊமலும் சிரட்டையும் நான் சாக்கில் கட்டி வைக்கிறேன். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பல உவர் என்பதால் குடிநீரை நிறையக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் பகலில், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இருந்த பூநகரிக் கோட்டையைப் பார்க்கலாம்.

இனி, தாமதத்தின் காரணம். நீ அனுப்பிய முதல் படத்தில் கூடாரத்தைக் கண்டதும் நான் கைபேசியை மூடி வைத்துவிட்டேன். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், போரில் இடம்பெயர்ந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள்; அவர்களில் உன் அப்பம்மாவும் நானும் இருந்தோம். வெள்ளைத் தறப்பாளின் கீழ், முன்பின் அறியாத இரண்டு குடும்பங்களோடு, பகலில் வெக்கையிலும், ஆவணி மழை வந்தபோது உள்ளே புகுந்த சேற்றுத் தண்ணீரிலும் கிடந்தோம். ஒரு வாளித் தண்ணீருக்கு அப்பம்மா வரிசையில் நின்று மயங்கி விழுந்தார். அதற்குப் பின் கூடாரம் என்ற சொல்லையே நான் வாயால் சொல்வதில்லை. இன்பத்துக்காக ஒருவர் அதற்குள் படுப்பார் என்பதை என் மனம் ஏற்க மறுத்தது.

மூன்றாம் நாள் மீண்டும் படங்களைப் பார்த்தேன். ஒன்றில் உன் சின்னவள் கூடார வாசலைத் தன் கையாலேயே திறந்து, தலையை நீட்டிக் கப்பலைப் பார்க்கிறாள். அவளை உள்ளே போ என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே நானும் வருவேன். பூநகரியில் உறவினர் வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டுக் காலையில் திரும்பி வரப்போவதில்லை. உங்களோடு கூடாரத்தில்தான் படுப்பேன், சின்னவளுக்குப் பக்கத்தில், வாசல் ஓரமாக. கூடாரம் வெள்ளை நிறமாக மட்டும் இருக்க வேண்டாம். பச்சையோ நீலமோ எதுவானாலும் சரி. நீ வரும் திகதியைத் தை முடியுமுன் எழுது, சங்கத்தாரிடம் சொல்லிவைக்க வேண்டும். எனக்கென்று காற்றுமெத்தை சுமந்து வராதே. பனையோலைப் பாய் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமி