அக்காவுக்கு, புது வண்டியைப் பற்றி

அக்கா,

வண்டி எடுத்தாயிற்று. சனிக்கிழமை ஈப்போவில் போய் எடுத்து வந்தேன். பழைய வண்டிதான், ஹூண்டாய் ஸ்டாரெக்ஸ், பதினோரு சீட், டீசல். முன்னாலேயே சொல்லாததற்கு மன்னித்துக்கொள். ஆனால் சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் கேட்டிருப்பேன், அப்புறம் இன்னொரு வருஷம் அம்மாவை இரண்டு பேர் பிடித்து, குனியவைத்து, தாழ்வான காருக்குள் ஏற்றிக்கொண்டிருப்போம்.

குடும்பக் குழுவில் நீ போட்டதைப் பார்த்தேன். "வருஷத்துக்கு ரெண்டு தடவை போற பயணத்துக்கு லோரி மாதிரி ஒரு வண்டியா? ரெண்டு மைவி கார் போதாதா?" எல்லாரும் பார்க்கிற இடத்தில் கேட்டாய், நானும் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே பதில் சொல்கிறேன்.

டீசல் விலை ஏறிவிட்டது என்று நீ சொன்னதும் சரிதான். 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. பெட்ரோல் என்றால் 2025-லிருந்து மைகார்டை, அதாவது அடையாள அட்டையைக் காட்டி 1 வெள்ளி 99 காசுக்கு ஊற்றலாம். கணக்குப் போடாமல் வாங்கவில்லை. ஆனால் இரண்டு கார் என்றால் இரண்டு டோல், இரண்டு இன்சூரன்ஸ், ஓட்டுவதற்கும் இரண்டு பேர். தம்பிக்கு ராத்திரியில் கண் கூசுகிறது, அது உனக்கே தெரியும். 2009-லிருந்து பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், 2020-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் ஒன்று காலடியில் ஒன்று என்று அப்பா வேனில் நாம் போனது போல இனிமேல் போகக்கூடாது, போகவும் வேண்டாம். தம்பி பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த இருக்கையை மாட்டிவிட்டால் மைவியின் பின்சீட்டில் நடுவே பெரியவர் யாரும் உட்கார முடியாது. ஏழு சீட் வண்டிகளையும் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் முட்டி தாடைக்கு வருகிறது, அந்த வரிசையை நிமிர்த்திவிட்டால் அம்மாவின் சக்கர நாற்காலிக்கு இடம் கிடையாது. இந்த வீட்டில் பத்துப் பேர் இருக்கிறோம் அக்கா, கிள்ளானிலிருந்து பார்த்தால் அது தெரியாமல் போகலாம்.

சரி, அதை விடு. தாப்பாவில் நீ என்ன செய்தாய்?

உன் கல்யாணத்துக்கு மறுநாள். முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கார், பூ வைத்தது, ஏர்கோன் உள்ளது. பின்னால் அப்பாவின் பழைய வேன், நிசான் வேனெட். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும் வண்டி அது. உட்கார்ந்த இடம் சுடும் என்று அம்மா ஈரத் துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். நெடுஞ்சாலையில் தாப்பா ஆர் அண்ட் ஆர் என்ற ஓய்விடத்தில் நிறுத்தி, சூடு ஆறட்டும் என்று அப்பா முன்சீட்டைத் தூக்கி வைத்திருந்தார். நாங்கள் நின்றுகொண்டே புளிச்சோறு தின்றோம். நீ பட்டுப் புடவையோடு அந்தக் காரிலிருந்து இறங்கி வந்தாய். கழிப்பறைக்குப் போகிறாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நேராக வந்து வேன் கதவை இழுத்துத் திறந்து, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, "கிள்ளான் வரைக்கும் இதுலதான் வருவேன்" என்றாய். அம்மா, "இறங்குடி, பாக்குறாங்க" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை இறக்கிவிட்டு, கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஏறியதும் என் தலையை இழுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். ஜரிகை கன்னத்தில் குத்தியது, கிள்ளான் வரும்வரை நான் அசையவில்லை.

அந்தக் கார் பக்கம் அதற்குப் பிறகு பேசியதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அத்தான் மட்டும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அவர் மேல் எனக்கு என்றைக்கும் மரியாதை உண்டு.

அன்றைக்கு அந்தக் குளிர்ந்த காரில் உனக்கு இடம் இருந்தது. ஆனாலும் நீ எங்களோடு வந்தாய். அதே நீ அப்பாவின் அஸ்தியைக் கரைக்க லூமுட்டுக்குப் போனபோது முதல் காரில் இருந்தாய். மூன்று காராகப் பிரிந்து போனோம், அம்மா இருந்த கார் வழி தவறிவிட்டது, அவர் கடற்கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐயருக்கு நேரமாகிறது என்று நீதான் சொன்னாய். உன் மேல் பழி போடவில்லை, அன்று யாருக்கும் புத்தி நிதானத்தில் இல்லை. ஆனால் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அம்மா நின்றதை நீ திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த நாளிலிருந்தே இந்த வண்டியை வாங்க வேண்டும் என்று மனசில் இருந்தது.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். விடியற்காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து வேலையாட்களை இறக்கிவிட்டு, அதே லோரியில் லயத்து வீடுகளின் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போனார். மழையில் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான், தன் பிள்ளைகள் கூரையுள்ள வண்டியில் போகட்டும் என்று கடன் வாங்கி அந்த வேனை வாங்கினார். இது உனக்கும் தெரியும், எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் குழுவில் அப்படி எழுதினாயே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ வந்தால் கடைசி வரிசையில் உட்காரலாம், வராவிட்டால் அங்கே அம்மாவின் பை இருக்கும், எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எழுதப் பார்த்தேன், ஆனால் ஒன்றில்லை. வா.

வேனெட் ரம்புத்தான் மரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. இரும்புக்கடைக்காரர் அடுத்த வாரம் வந்து எடுத்துப்போகிறார். நம்பர் பிளேட்டோ கடைசி வரிசை சீட்டோ உனக்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், கழற்றி வைக்கிறேன். குழுவில் போடாதே, என்னிடம் போனில் சொல்.