சுருக்கெழுத்துக்காரரின் கல்லறை

உதகமண்டலம்,
ஜூன் 3

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் பாதி, முழங்கால் பாதி காரணம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட வேட்டி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது.

இடையன்குடிக்குப் போய்வந்ததை எழுதிவிட்டு, "உங்கள் மலையில் இறந்த கால்டுவெலை எங்கள் ஊர்தான் வைத்துப் பாதுகாக்கிறது" என்று ஒரு குத்தலும் குத்தியிருந்தாய். முதலில் ஒரு திருத்தம். 1891 ஆகஸ்டில் அவர் இறந்தது கொடைக்கானலில். அது பழனி மலை, எங்கள் மலை அல்ல. ஆனால் அவரில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1841இல் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே கிளம்பியவர், வழியில் நீலகிரி ஏறி, உதகையில்தான் குருப்பட்டம் பெற்றார். பட்டம் எங்களுடையது, உடல் உங்களுடையது. கணக்குச் சரிதானே?

நாம் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பேரிக்காய் தின்ற ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைச் சரிவு உனக்கு நினைவிருக்கும். போன மாதம் அங்கே ஏறினேன். பாதி தூரத்தில் பாசி வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கல். பளிங்கில் எழுத்தைக் குடைந்து, உள்ளே ஊசித் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கியிருந்தார்கள். ஈயம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கண்ணுக்குப் புலப்படாத எழுத்து விரலால் தடவினால் அகப்படுகிறது. பெயர் கிடைக்கவில்லை, வயது கிடைத்தது. எட்டு மாதம், பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை விடாமல் எண்ணிச் சேர்த்தவர் யாரோ.

ஊரெல்லாம் அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் பேச்சுதான், உனக்குத் தெரியும். 1819இல் மலையேறினார், கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு கொண்டுவந்தார் என்று ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். நோயாளிச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அரசாங்கத்திடம் விடாமல் வாதாடியதும் அவர்தான். அதே மனிதர் 1838இல் மனைவி ஹென்றியட்டாவையும் மகள் ஹாரியட்டையும் இந்தச் சரிவில்தான் புதைத்தார். 1841இல் இங்கிலாந்து திரும்பி, 1855இல் இறந்து, லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் கிடக்கிறார். குடும்பம் இங்கே, அவர் அங்கே. சிலை, நினைவுத்தூண் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். சல்லிவனைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு கல்லறைகள் போதும்.

ஆலயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1829இல் சென்னை ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார், 1830இல் அர்ப்பணம் நடந்தது. கூரையைத் தாங்கும் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. அவற்றை மலைமேல் கொண்டுவந்து சேர்த்த கைகள் எங்கே புதைக்கப்பட்டன என்று கேட்காதே. அவர்களுக்கு ஈய எழுத்து கிடையாது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏரிப் பக்கம் உள்ள தாமஸ் ஆலயத்துக்கு நான் ஏன் அடிக்கடி போகிறேன் என்று கேட்டிருந்தாய். அங்கே கண்ணில் முதலில் படுவது ஆளுநர் ஆடமின் கல்லறை. பதவியேற்று ஐந்தாறு மாதத்தில், 1881 மே 24 அன்று, இங்கேயே போய்விட்டார். பெரிய மனிதர், பெரிய கல். நான் அவரைத் தாண்டிப் போய்விடுவேன்.

நான் பார்க்கப் போவது ஜோசையா குட்வினை. 1895 டிசம்பரில் நியூயார்க்கில் விவேகானந்தரின் சொற்பொழிவுகளை எழுத ஒரு சுருக்கெழுத்துக்காரர் தேவைப்பட்டார். அந்த வேகத்துக்கு முன்பு வந்தவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. குட்வின் ஈடுகொடுத்தார். முதலில் சம்பளத்துக்கு, கொஞ்ச நாளில் சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடவே இந்தியா வந்துவிட்டார். கர்மயோகமும் ஞானயோகமும் நூலாக நம் கையில் இருப்பது அவருடைய பென்சில் ஓடியதால்தான். குறிப்பில்லாமல் பேசிய மனிதரின் பேச்சு காற்றோடு போயிருக்கும். 1898 ஜூன் 2 அன்று உதகையில் குடற்காய்ச்சலில் இறந்தார். வயது இருபத்தேழு. அல்மோராவில் சேதி கேட்ட விவேகானந்தர், தம் வலக்கையே போய்விட்டது என்று சொன்னாராம். குட்வினின் தாய்க்கு ஒரு கவிதையும் எழுதி அனுப்பினார். இங்கே நினைவுச்சின்னம் வந்தது என்னவோ 1967இல்தான்.

நீ சிரிப்பாய், தெரியும். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்து எழுதியவன் நான். அதிகாரி சொன்னதை எழுதினேன், தட்டச்சு செய்து கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு தடவை அவர் சொன்ன இலக்கணப் பிழையைத் திருத்தியதற்குத் திட்டும் வாங்கினேன். எங்கள் பிழைப்பில் கேட்டவன் பெயர் எங்கும் வராது. அதனால்தான் இந்த ஒரு கல்லில் சுருக்கெழுத்துக்காரன் ஒருவனின் பெயர் இருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

நேற்று ஜூன் 2. குடையோடு போனேன். கம்மல் பூ மாதிரி மஞ்சளாக ஏதோ காட்டுப்பூ கல்லோரம் பூத்திருந்தது, அதைப் பறிக்கவில்லை. பையில் இருந்த வர்க்கியைத் தின்றுகொண்டு பத்து நிமிடம் நின்றேன். பின்னால் வந்த சுற்றுலாப் பையன் ஒருவன், "தாத்தா, உங்கள் சொந்தக்காரரா?" என்றான். "ஒரே ஆபீஸ்" என்று சொல்லிவைத்தேன்.

மே மாதக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. செப்டம்பரில் வா, மழை விட்டிருக்கும். உன் முழங்காலுக்கும் சேர்த்துத் தைலம் வாங்கி வைக்கிறேன். நீ உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டு வா. போன தடவை கொண்டுவந்தது சர்க்கரைக் கலப்பு.

அன்புடன்,
கோபாலன்